புதுப்பிப்பு: எஃப்இஎஸ் பெட் ஸ்கேன், போன பதிவுக்கு ஒரு திருத்தம்

மார்பகப் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு என்று போன பதிவில் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தோம். தவறு. பெட் ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து ஒன்றல்ல; அந்தப் பட்டினி எஃப்டிஜி என்ற மருந்துக்கு, அது சர்க்கரை மாதிரியானது. புற்றுநோய்ச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பிடித்துக்கொள்ளும் இடமான ஏற்பியில் போய் ஒட்டும் எஃப்இஎஸ் என்ற மருந்துக்குப் பட்டினி வேண்டாம். எந்த ஸ்கேன் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டால், காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் மதுரைக்குக் கிளம்பும் சர்க்கரை நோயாளி இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போகலாம்.

உண்மையான சிக்கல் மாத்திரையில். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் மாத்திரையான டமாக்சிஃபென் ஏற்பியில் முன்பே இடம்பிடித்துவிடும். கட்டி இருந்தும் படம் வெறிச்சென்று வரும். அதை நிறுத்தி 8 வாரம், அதேபோல் ஏற்பியை அடைக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசியை நிறுத்தி 28 வாரம் கழித்துத்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகளால் தொந்தரவில்லை. எதையும் தானாக நிறுத்த வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும்.

எஃப்இஎஸ் அளவு சுமார் 6 மில்லிக்யூரி (கதிரியக்க அளவு), 1–2 நிமிடத்தில் மெல்ல ஏற்றுவார்கள். நோயுள்ள மார்புக்கு எதிர்க்கையில் போடச் சொல்லுங்கள். கையின் இரத்தக்குழாயில் தங்கும் மருந்து அக்குளில் நெறிகட்டிபோல் ஒளிரும். படம் எடுப்பது ஊசி போட்டு 80 நிமிடம் கழித்து. மருந்தில் உள்ள கதிரியக்கப் பொருளான ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம்தான். நீங்கள் இரண்டு மணி நேரம் பிந்தினால் மருந்தின் கதிரியக்கத்தில் பாதிக்குமேல் போயிருக்கும்.

கல்லீரலுக்குப் பரவியிருந்தால் இதில் தெரியுமா என்று கேட்டிருந்தவருக்கு: எஃப்இஎஸ் அங்கேதான் சிதைகிறது, அதனால் கல்லீரல் முழுக்கவே பிரகாசிக்கும், உள்ளே கட்டி இருந்தாலும் தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ. எலும்புப் பரவலுக்கு, குறிப்பாக எஃப்டிஜியில் மங்கலாகத் தெரியும் லோபுலர் வகைக்கு (பால் சுரப்பியில் தொடங்கும் புற்றுநோய்), எஃப்இஎஸ்தான் கைகொடுக்கும்.