காவடிச் சிந்துக்கு உட்கார்ந்தபடி ஆட வழி உண்டா?

வணக்கம். பதினோரு வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடந்தவள் நான். போன ஆவணியில் முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து நடையும் ஆட்டமும் நின்றுவிட்டன. திருப்புகழை உட்கார்ந்தே பாடிவிடுகிறேன். ஆனால் என் வேண்டுதல் காலில் இருந்துதான் கிளம்பும். காவடித் தண்டு தோளில் உரச, மயிற்பீலி காதோரம் சிலுசிலுக்க, தகிட தகிட என்று அடி வைக்கும்போதுதான் முருகனிடம் மனம்விட்டுப் பேசிய மாதிரி இருக்கும்.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்குக் காவடி போகும்போது பாடிய வழிநடைப் பாட்டு. நடக்கிற கால்களுக்கென்றே பிறந்த மெட்டு அது. அசையாமல் பாட எனக்கு வரவில்லை.

இப்போது விடியற்காலையில் பூஜை அறையில் நாற்காலி போட்டு, தோளையும் கையையும் மட்டும் அசைத்துப் பார்க்கிறேன். மூன்றாவது வரிக்குள் தாளம் தப்பிவிடுகிறது. காவடியாட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இடுப்புக்கு மேலே மட்டும் ஆடுகிற மாதிரி ஏதாவது முறை உண்டா? அப்புறம், பாட்டு இல்லாமல் நாதஸ்வரமும் தவிலும் மட்டும் நிதானமாக வாசித்த பதிவு இருந்தால் அனுப்புங்கள். குதிக்கக் கூடாது என்று மட்டும்தான் மருத்துவர் சொல்லியிருக்கிறார். தை பிறப்பதற்குள் பழகிவிட வேண்டும்.