ஆண் நர்ஸ் என்றாலே ‘அவன் ஒரு மாதிரி’ என்பவர்கள்: நீங்கள் சந்தித்ததைச் சொல்லுங்கள்

ஐசியூ பிரதர்

இந்த வேலைக்கு வந்த ஆண்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் ‘இவன் கேயா, ஆண்களை விரும்புகிறவனா’ என்ற கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். பெரும்பாலும் யாரும் நேராகக் கேட்பதில்லை. “கல்யாணம் ஆகிடுச்சா தம்பி?” என்று ஆரம்பிப்பார்கள். இல்லை என்றால், “ஏன், பொண்ணுங்கன்னா பிடிக்காதா?” என்று அடுத்தது வரும். இன்னும் சிலர் கேட்கவே மாட்டார்கள், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கண்ஜாடை காட்டிச் சிரிப்பார்கள்.

ஆண் நோயாளிக்கு வேலை செய்தால் ‘இவன் கே’. பெண் நோயாளிக்குச் செய்தால் ‘இதுக்குன்னே இந்த வேலைக்கு வந்திருக்கான்’. ஒரே ஷிப்டில், அடுத்தடுத்த படுக்கைகளில், ஒரே ஆளைப் பற்றி இரண்டையும் பேசிக் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு ஆண் இன்னொருவர் உடம்பைத் தொட்டால் அதில் ஏதாவது ஆசை இருந்தே தீரும், வெறும் கவனிப்பாக இருக்கவே முடியாது என்ற நம்பிக்கை. அதைத்தான் உடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் வார்டில் இருந்தபோது நடந்தது. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு அறுவை முடிந்து வந்த ஒரு இளைஞருக்குச் சிறுநீர் கழிக்க முடியவில்லை. அடிவயிறு கல் மாதிரி இறுகியிருந்தது. சிறுநீரை வெளியேற்றும் குழாயான கத்தீட்டர் போட ட்ரேயோடு போனேன். உடனிருந்த நண்பர் “பார்த்துடா, ஜாக்கிரதை” என்று சொல்லிச் சிரித்தார். நோயாளி முகம் சுருங்கிப்போய், “வேற யாரும் இல்லையா?” என்றார். இருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, சிஸ்டரைக் கூப்பிடுகிறேன் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “நீங்களே போடுங்க” என்றார். நண்பரை வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப்போகிறேன் என்பதை ஒவ்வொரு படியாகச் சொன்னேன். மரத்துப்போகும் ஜெல்லைச் செலுத்திக் காத்திருந்தபோது அவருக்கு விறைப்பு ஏற்பட்டது. மனுஷன் உறைந்துபோய்விட்டார். போர்வையால் மூடிவிட்டு, “இது நரம்போட அனிச்சைச் செயல், தொட்டாலே சிலருக்கு வரும், இதுக்கு வேற அர்த்தமே கிடையாது, கொஞ்ச நேரம் இருப்போம்” என்று சொல்லித் திரும்பி நின்று ட்ரேயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அடங்கியதும் குழாயைச் செலுத்தினோம். பை நிறைய நிறைய அவர் தோள் தளர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கடைசியில் முன்தோலைப் பழையபடி இழுத்துவிட மறக்கக் கூடாது, மறந்தால் வீங்கி நெரித்துவிடும். அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அது மட்டும்தான்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். நர்ஸாக இருக்க வேண்டும் என்றில்லை, நோயாளியாக இருந்தவர்களும் எழுதலாம்.

மூன்றாம் வருஷம்

அண்ணா, எங்களுக்கு இது முதல் நாளே ஆரம்பமாகிவிட்டது. எங்கள் செட்டில் பசங்க கொஞ்சம் பேர்தான். பழைய ஸ்கூல் நண்பர்கள் வாட்ஸப் குரூப்பில் என் பெயருக்குப் பதிலாகப் பெண் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம்.

மகப்பேறு வார்டு போஸ்டிங்கில் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. பிரசவ அறை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். “ஆம்பளப் பையன், சங்கடமா இருக்கும், நீ ஸ்டோர்ல கணக்குப் பாரு.” அந்தத் தாயிடம் யாரும் கேட்கவே இல்லை. அவர் வேண்டாம் என்றிருந்தால் நானே நகர்ந்திருப்பேன். ஆனால் அடுத்த ஐந்தாவது நிமிஷம் ஆண் டாக்டர் ஒருவர் கையுறையைப் போட்டுக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனார். அவரை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது, அவர் வேலை அது. அவருடைய கை மருத்துவம் என்றால் என்னுடைய கை மட்டும் எப்படி வேறு ஆகிறது?

பெயர் வேண்டாம்

நான் தன்பாலீர்ப்பாளன். நர்ஸும்தான். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. கண்ணாடி போட்டிருக்கிற நர்ஸ் என்பது மாதிரிதான் கே நர்ஸ் என்பதும்.

எனக்கு வலிப்பது கேலியைவிட அதற்கு நம் ஆட்கள் சொல்லும் பதில். யாராவது ஒருவரை “நீ அவனா?” என்று சீண்டினால் உடனே பக்கத்தில் இருப்பவர்கள், “சேச்சே, அவனுக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு” என்று காப்பாற்றப் பாய்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதே அறையில் நானும் லாக்கரைப் பூட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னைப் போன்றவன் என்று சொல்வது ஒரு வசை, அதிலிருந்து ஒருவரை மீட்டெடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதாகத்தானே அதற்கு அர்த்தம்? அதன் பிறகு அங்கே நான் எப்படி வாயைத் திறப்பேன்?

சங்கடத்தால், நான் தேவைக்கு மேல் ஜாக்கிரதையாக இருக்கப் பழகினேன். வயதான ஒருவர் இரவு முழுக்க அனத்திக்கொண்டிருந்தார், கையைப் பிடித்துக்கொண்டால் அடங்குவார் என்று தெரியும். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை வந்தது. பிடித்துக்கொண்டேன், ஆனால் கதவைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தது இந்தக் கேலிகள்தான்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எய்ட்ஸ் வந்த புதிதில், பல இடங்களில் ஊழியர்கள் நோயாளிகள் பக்கமே போக அஞ்சிய காலத்தில், 1983-ல் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 5பி என்று ஒரு வார்டு திறந்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மட்டுமான வார்டு. அதை உருவாக்கியதில் முன்னின்றவர் கிளிஃப் மாரிசன் என்ற நர்ஸ், தான் கே என்பதை மறைக்காதவர். அங்கே நர்ஸுகள் நோயாளிகளின் கையைப் பிடித்தார்கள், கட்டியணைத்தார்கள். உறவு என்றால் ரத்தசொந்தம் மட்டும்தான் என்று பார்க்காமல், நோயாளி யாரைத் தன் ஆள் என்று சொல்கிறாரோ அவரை உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் தொடத் தயங்கியவர்களைத் தொட்டவர்களில் என்னைப் போன்றவர்களும் இருந்தார்கள். கேலி செய்பவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இதைத்தான்.

வார்டு இன்சார்ஜ்

நான் பெண். பல வருஷமாக டூட்டி லிஸ்ட் போடுகிறேன். மேலே தம்பிகள் சொன்னது அத்தனையும் கண்ணால் பார்த்தது.

எங்களையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் நர்ஸ் என்றாலே கைக்கு எட்டியவள் என்று நினைக்கிற நோயாளிகளை, உடன் வருபவர்களை எவ்வளவோ பேரைச் சமாளித்திருக்கிறோம். இரண்டும் ஒரே நோய்தான். தொட்டுச் செய்கிற வேலை என்றாலே அதில் வேறு எதையோ பார்க்கிற கண்.

இன்னொன்று, இது வேலைப் பங்கீட்டில் எப்படி வந்து விடிகிறது என்று பாருங்கள். ஆண் நர்ஸை எமர்ஜென்சிக்குப் போடு, மனநல வார்டுக்குப் போடு, குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவரைப் பிடிக்கக் கூப்பிடு, கனமான நோயாளியைத் தூக்கக் கூப்பிடு. குழந்தைகள் வார்டு கேட்டால் மட்டும் ஒரு பார்வை. என்னிடம் ஒரு தம்பி குழந்தைகள் வார்டு கேட்டபோது, வேறொரு சீனியர், “அவனுக்கு எதுக்கு அது?” என்று கேட்டார். உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான் என்றேன். குறைமாதக் குழந்தையின் காலில் ஊசி போட நரம்பைக் கண்டுபிடிப்பதில் இன்று அவரை மிஞ்ச எங்களில் ஆளில்லை.

படுக்கையில் கிடந்தவன்

நர்ஸ் இல்லை. விபத்தில் இரண்டு காலும் ஒடிந்து கிடந்தேன். என்னைத் துடைத்துவிட ஒரு ஆண் நர்ஸ் வந்தபோது எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் முகத்தையும் கையையும் துடைத்துவிட்டு, நனைத்த துணியை என் கையில் கொடுத்து, “உங்களால முடியுற இடத்த நீங்க பண்ணுங்க, முதுகு நான் பார்த்துக்கிறேன்” என்றார். கூச்சம் அங்கேயே போய்விட்டது. அவர் யாரை விரும்புகிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நர்சிங் டியூட்டர்

இந்த எண்ணம் இயற்கையாக முளைத்தது என்று என் மாணவர்கள் நம்புவதால் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். நோயாளியைக் கவனிப்பது எப்போதும் பெண்கள் வேலையாக மட்டும் இருந்ததில்லை. 16-ஆம் நூற்றாண்டில் கமிலஸ் என்ற முன்னாள் போர்வீரர் ரோமில் ஆண்களையே சேர்த்து நோயாளிகளைப் பராமரிக்க ஒரு துறவற சபை தொடங்கினார். அவர்கள் அங்கியில் சிவப்புச் சிலுவை இருந்தது.

கதவு பிறகு சாத்தப்பட்டது. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கானது. பெண்களுக்குக் கௌரவமான ஒரு தொழிலை அது திறந்துவிட்டது, அதன் பெருமை குறையாது. ஆனால் ஆண்கள் மனநலக் காப்பகங்களுக்கும் ராணுவத்துக்கும் ஒதுங்கினார்கள். பிரிட்டனில் 1919 சட்டப்படி நர்ஸுகளுக்குப் பதிவேடு வந்தபோது ஆண்களுக்குத் தனிப் பகுதி. அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் ஆண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1960-ல்தான். அமெரிக்க ராணுவத்தின் நர்ஸ் படை 1955 வரை ஆண்களுக்கு அதிகாரிப் பதவி தரவில்லை. அங்கேயே ஜோ ஹோகன் என்பவருக்கு, ஆண் என்பதற்காக நர்சிங் கல்லூரியில் இடம் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-ல் 5-4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. ஆண்களை விலக்குவது, இது பெண்கள் வேலை என்ற பழைய எண்ணத்தையே நிலைநிறுத்துகிறது என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதினார்.

இப்படி ஆண்களை வெளியே நிறுத்திவிட்டு, பிறகு உள்ளே வருபவனைப் பார்த்து ‘இவனிடம் ஏதோ வித்தியாசம் இருக்கிறது’ என்றால் அது யார் குறை? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி உலக நர்ஸுகளில் சுமார் 90 சதவீதம் பெண்கள். எண்ணிக்கையில் குறைவாக இருப்பவர்கள் மேல் எந்தக் கதையும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

கனடாவில் ஜோன் எவன்ஸ் என்ற ஆய்வாளர் ஆண் நர்ஸுகளிடம் பேசி 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாங்கள் தொடுவதைப் பாலியலாக எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சத்தில் அவர்கள் எவ்வளவு எச்சரிக்கையோடு வேலை செய்கிறார்கள் என்பதுதான் அதன் மையம். ‘பெயர் வேண்டாம்’ எழுதிய அந்தக் கதவுப் பார்வையேதான்.

மூன்றாம் வருஷம்

நன்றி மேடம். திங்கட்கிழமை இதய வார்டு போஸ்டிங். பெண் நோயாளிக்கு ஈசிஜி எடுக்கச் சொன்னால் என்ன செய்வது? உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

வார்டு இன்சார்ஜ்

தம்பி, முதலில் பெயரைச் சொல்லு, மாணவர் என்று சொல்லு. “நெஞ்சில ஆறு இடத்துல லீடு ஒயரை ஒட்டணும், அதுல சிலது மார்புக்குக் கீழ வரும், நான் செய்யலாமா, சிஸ்டர் செய்யணுமா?” என்று கேள். சிஸ்டர் என்றால் முகம் மாறாமல் கூப்பிடு. சரி என்றாலும் ஒருவரைத் துணைக்கு நிறுத்திக்கொள். இது உன்னைச் சந்தேகப்பட்டு அல்ல, நான் ஆண் நோயாளிக்குச் செய்யும்போதும் அதையேதான் செய்கிறேன்.

ஒட்டும்போது மட்டும் துணியை விலக்கு, உடனே மூடு. நான்காவது லீடு ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. மார்பைத் தூக்க வேண்டியிருந்தால் அவரையே தூக்கிப் பிடிக்கச் சொல். அவரால் முடியாவிட்டால் சொல்லிவிட்டு உன் புறங்கையால் தூக்கு. கூச்சப்பட்டு மேலே ஒட்டினால் வரைபடம் தப்பாகும், மாரடைப்பையே தவறவிட நேரும். எடுத்து முடித்ததும் துணியைச் சரிசெய்துவிட்டு, யார் உடனிருந்தார்கள் என்பதைக் குறிப்பில் எழுது.

எனக்குத் திங்கட்கிழமை காலை டூட்டிதான். முதல் ஈசிஜிக்கு நானே பக்கத்தில் நிற்கிறேன், வா.