மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் ஒரு சட்டி நீலச் சிறுநீரும்

தேக்கா வாசகன்: “பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு மனநோயே கிடையாது, சிறுநீர் நீலமாக இருந்ததே போர்பிரியாவுக்குச் சான்று, நாடகத்திலேயே காட்டிவிட்டார்கள்” என்று ஈசூன் இளையவன் நேற்றுத் தீர்ப்பு வழங்கியிருந்தார். (போர்பிரியா என்பது சிறுநீரின் நிறத்தை மாற்றி, மனக்குழப்பத்தையும் உண்டாக்கக்கூடிய உடல்நோய்.) 2018இல் நாட்டிங்ஹாமில் மார்க் கேட்டிஸ் நடித்துப் படம்பிடிக்கப்பட்ட, ஆலன் பென்னட் எழுதிய ‘மூன்றாம் ஜார்ஜின் பைத்தியம்’ என்ற அந்த மேடை நாடகத்தை, 2020 ஜூனில் யூடியூபில் ஒரு வாரம் இலவசமாக விட்டபோது, வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நானும்தான் பார்த்தேன். மருத்துவர் ஒருவர் அரசரின் மலச்சட்டியே கதி என்று கிடப்பதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் நாடகத்தை ஆய்வக அறிக்கையாக வாசிக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அரசருக்கு ஜென்ஷியன் என்ற மூலிகை கலந்த மருந்து கொடுக்கப்பட்டது என்றும், சிறுநீர் அதனாலேயே நீலமாகியிருக்கலாம் என்றும் பிற்கால ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

ஈசூன் இளையவன்: தீர்ப்பு என்னுடையதன்று, அண்ணே. 1966இல் மக்கால்பைன், ஹண்டர் என்ற தாயும் மகனுமான மனநல மருத்துவர்கள் சொன்னது. 2005இல் அரசரின் தலைமுடியை ஆராய்ந்தவர்கள், போர்பிரியாவைத் தூண்டக்கூடிய ஆர்செனிக் என்ற நச்சு அதில் மிகுந்திருந்ததைக் கண்டார்கள். நீலம் நீலந்தான்.

தேக்கா வாசகன்: “நீலம் நீலந்தான்” என்பது வாதமா, சொட்டுநீல விளம்பரமா? முடியில் ஆர்செனிக் இருந்தால் மருந்தில் ஆர்செனிக் இருந்திருக்கும், அவ்வளவுதான். சென்ற ஆண்டு லியர் மன்னரைப் பற்றிப் பேசியபோதும், தம்பி, நாடகத்தைப் படிக்காமலேயே வந்து நின்றீர்கள்; நான் மறக்கவில்லை.

வார்டு எண் ஏழு: இருபது ஆண்டுகள் மனநலப் பிரிவில் தாதியாக இருந்தவள் சொல்கிறேன். இருவரும் சட்டிக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறீர்கள். வில்லிஸ் என்ற மருத்துவர் அரசரை நாற்காலியில் வைத்துக் கட்டுகிறாரே, அதைத் தன் முடிசூட்டு நாற்காலி என்று அந்த மனிதர் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதினீர்களா? பழைய பதிவுகளில் ‘பைத்தியம்’ என்று எழுதியதையும் முதலில் திருத்துங்கள்.

தேக்கா வாசகன்: அக்கா, ஆலன் பென்னட் 1991இல் வைத்த தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது; லண்டனுக்குக் கடிதம் எழுதுங்கள். 1789இல் அரசர் தேறியதும் நாடகம் திரையை இறக்கிவிடுகிறது. 1811இல் மகன் பதிலாட்சிக்கு வந்ததும், பார்வை போய்க் காதும் கேளாமல் 1820 வரை இவர் கிடந்ததும் மேடையில் எங்கே? அந்தப் பத்தாண்டுகளுக்கும் ஒரு சட்டி நீலந்தான் விளக்கமா?

அங் மோ கியோ அன்பன்: போர்பிரியாவா, பார்ஃபிரியாவா? முதலில் எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள்.

தேக்கா வாசகன்: இலக்கண வகுப்பு எதிர் புளோக்கில் நடக்கிறது.

வார்டு எண் ஏழு: நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ஈசூன் இளையவன்: ஜென்ஷியன் கொடுத்த நாளும் நீலம் கண்ட நாளும் ஒன்றுதான் என்று யாராவது காட்டுங்கள், பிறகு பேசலாம்.

தேக்கா வாசகன்: ஒன்றில்லை என்று நீங்கள் காட்டுங்கள். இரவுக்குள் நான் இன்னும் நான்கு பதிவுகள் எழுதுவேன்.