கம்பெனியிலிருந்து 40 பேர் வெள்ளம் பாதித்த தூத்துக்குடி மாவட்ட ஏரலுக்குக் கிளம்புகிறோம், போகலாமா?

துரைப்பாக்கத்துக்காரர்

நண்பர்களே, ஒரு குழப்பம். இந்த மாதம் (2023 டிசம்பர்) 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் வீட்டில் முழங்கால் தண்ணீர். அது வடிந்து முடிவதற்குள் 17, 18-இல் தெற்கே கொட்டித் தீர்த்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. இப்போது விருப்பமுள்ளவர்கள் ஒரு நாள் சம்பளம் கொடுங்கள், அதே அளவு கம்பெனியும் போடும் என்று ஹெச்ஆரிலிருந்து மெயில் வந்திருக்கிறது. வரவேற்பறையில் பழைய துணிக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை 40 பேர் ஒரு பஸ்ஸில் ஏரல் பக்கம் போவதாகத் திட்டம், பேனர்கூட அடித்தாகிவிட்டது. எனக்கும் போக ஆசைதான், ஆனால் நாங்கள் அங்கே போய் என்ன செய்வோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கம்பெனி போடும் பங்கு சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தங்கரை

அண்ணாச்சி, கேட்டதற்கு முதலில் நன்றி. நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். துணிப் பெட்டியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடச் சொல்லுங்கள். சுனாமியின்போது நாகப்பட்டினத்திலும், 2015-இல் சென்னையிலும் பழைய துணி மழையில் நனைந்து ரோட்டோரம் குவிந்து கிடந்தது நினைவிருக்கும். வீட்டை இழந்து நிற்கிற மனிதனுக்குக் கிழிந்த சட்டையைப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு வலி தெரியுமா?

சாப்பாட்டுப் பொட்டலமும் மெயின்ரோட்டு ஊர்களில் நிறையவே வந்துவிட்டது, உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களுக்குத்தான் போகவில்லை. இன்றைக்கு வேண்டியது வேறு. வீட்டுக்குள் சேறு கிடக்கிறது, அதை அள்ள மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், கை உறை வேண்டும். அடுப்பு, பாய், போர்வை எல்லாம் புதிதாக. பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம். தண்ணீர் புகுந்த மோட்டாரை ஓட விட்டால் எரிந்துவிடும், காயவைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காயில் (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கட்ட வேண்டும். அதற்கு ஆள் கிடைக்கவில்லை. மோசமாகப் பாதித்த வட்டங்களுக்கு அரசு 6,000 ரூபாய் அறிவித்திருக்கிறது, ரேஷன் கார்டும் ஆதாரும் வெள்ளத்தோடு போன வீடுகளில் அதை வாங்கவே திண்டாடுகிறார்கள். லேப்டாப்போடு நாலு பேர் வந்து ஈ-சேவைக்கான விவரங்களைப் பதிந்து கொடுத்தாலே ஒரு தெருவுக்குப் பெரிய உதவி.

40 பேர் வந்தால் அவர்களுக்குத் தண்ணீரும் தங்க இடமும் நாங்கள்தான் தேட வேண்டியிருக்கும். எட்டுப் பேர் வாருங்கள், ஒரு நாளைக்குப் பதில் ஐந்து நாள் இருங்கள். வருவதற்கு முன் ஊராட்சித் தலைவரிடமோ விஏஓவிடமோ ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

பேராவூரணி தென்னை

ஆத்தங்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது முதல் பத்து நாள் எங்கள் ஊரில் லாரி நிற்க இடமில்லை, பொங்கலுக்குப் பிறகு ஒருவரும் இல்லை. ஆனால் எங்கள் கஷ்டம் அதற்கப்புறம்தான் தொடங்கியது. விழுந்த தென்னையை அப்படியே விட முடியாது, அறுத்துத் தூரைத் தோண்டி எடுத்தால்தான் அடுத்த கன்று வைக்க முடியும். மெஷின் வாளுக்கும் ஜேசிபிக்கும் கொடுக்கப் பணமில்லாமல் மரங்கள் மாதக்கணக்கில் தோப்பிலேயே கிடந்தன. கன்று வைத்தாலும் காய்க்க 5, 6 வருஷம் ஆகும், அதுவரை ஊடுபயிர்தான் சோறு. ஒரு கம்பெனியின் ஆட்கள் மட்டும் பேனர் எதுவும் இல்லாமல் வந்து, மரம் அறுக்கும் கூலியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் திரும்பவும் வந்து கன்று பிழைத்ததா என்று எண்ணிப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் இன்றைக்கும் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். தாமிரபரணிப் பாசனத்தில் வாழை போட்டவர்களுக்கும் அடுத்த விதைக்கட்டை நடப் பணம் வேண்டியிருக்கும், அப்போது யாராவது இருக்க வேண்டும் தம்பி.

கணக்கர்

கணக்குக் கேள்விக்கு நான் சொல்கிறேன். கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவில் வருகிற நிறுவனம், முந்தைய 3 ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பேரிடர் நிவாரணமும் மறுவாழ்வும் மறுகட்டுமானமும் 2019-இல் அந்தப் பணிகளின் பட்டியலில் சேர்ந்தன. அதனால் கம்பெனி தன் லாபத்திலிருந்து போடும் பங்கை அதில் காட்டலாம். உங்கள் சம்பளத்திலிருந்து வந்ததைக் காட்ட முடியாது, அது உங்கள் நன்கொடை. நீங்கள் போய் உழைக்கும் நேரத்துக்கு விலை போட்டும் காட்ட முடியாது. இந்த இரண்டையும் ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கம்பெனி கொடுத்தால் சிஎஸ்ஆரில் வராது. நீங்கள் தனியாளாகக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வருமான வரிச் சட்டம் 80ஜி பிரிவில் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேராவூரணிக்காரர் சொன்னதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இதைப் பல ஆண்டுத் திட்டமாகக் கம்பெனி எடுத்தால், மார்ச் 31-க்குள் செலவாகாத பணத்தை 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த 3 நிதியாண்டுக்குள் செலவிடலாம். எல்லாவற்றையும் ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

துரைப்பாக்கத்துக்காரர்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை இதை அப்படியே பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன். துணிப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். பஸ் ரத்து. ஒன்பது பேர் ஐந்து நாள் வருகிறோம், அதில் இரண்டு பேர் எங்கள் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன்கள், ஒருவருக்குக் காயில் கட்டத் தெரியும். மூன்று வருஷத் திட்டம் பற்றி இன்னும் பதில் இல்லை, திங்கட்கிழமை திரும்பவும் கேட்பேன். ஆத்தங்கரை அண்ணாச்சி, உங்கள் பக்கம் எந்த ஹெச்பி மோட்டார் அதிகம் என்று சொன்னால் செம்புக் கம்பியை இங்கிருந்தே வாங்கி வருகிறோம்.