புதுப்பிப்பு: முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து சென்ற மாத்தூர் பயணம்

தனிமையில் வாடும் எங்கள் ஊர் முதியோரைப் பள்ளிப் பிள்ளைகளுடன் எங்கே, எப்படி அழைத்துச் செல்லலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஒரு முதியவருக்கு ஒரு பிள்ளை என இணைத்து, சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை முதியவரிடமே விடச் சொன்ன ஆலோசனைதான் பலித்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் செங்குத்தான மரப்படிகள் மூட்டுவலிக்காரர்களுக்கு ஒத்துவராது என்பதால், கன்னியாகுமரி மாவட்டத்தில் பாசன நீரைப் பள்ளத்தாக்கின் மேலே கொண்டுசெல்ல 1966இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலத்தைத் தேர்ந்தெடுத்தோம். சுமார் 115 அடி உயரத்தில் நடக்க அஞ்சியவர்கள் பாலத்தின் முகப்பிலேயே அமர்ந்துகொண்டார்கள்.

எதிர்பாராதது ஒன்று: பாலம் கட்டியபோது ஜல்லி சுமந்த பாட்டி ஒருவர், தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டைத் துணியால் சுற்றும் விதத்தைத் தம் முந்தானையிலேயே செய்துகாட்ட, பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டுடன் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் திட்டமிட்டிருந்த விளையாட்டுகள் எடுபடவில்லை (தேவைப்படவும் இல்லை).

அதே இணைகள் இப்போது வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகிறார்கள்; காது மந்தமானவர்களை மட்டும் பிள்ளைகள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள்.