8 பக்கச் சஞ்சிகை ஒப்படை: இன்டிசைனில தமிழ் உடையுது, அட்டைப்படம் மங்குது

நெல்மணி (கிளிநொச்சி):

வணக்கம். ஊடகக் கற்கை ஒப்படைக்கு ஏ4 அளவில 8 பக்கச் சஞ்சிகை ஒண்டை இன்டிசைனில (பக்கம் வடிவமைக்கிற மென்பொருள்) செய்யிறன். பெயர் 'வாய்க்கால்'. இரணைமடுக் குளத்துத் தண்ணியையும் அதை நம்பி விதைக்கிற சிறுபோக நெல்லையும் பற்றினது. அட்டை, உள்ளடக்கப் பக்கம், ரெண்டு பக்கம் விரிஞ்ச படக்கட்டுரை மூண்டும் கட்டாயம்.

கட்டுரைகளில பாதி பாமினியில (பழைய தமிழ் எழுத்துரு) வந்திருக்கு, பாதி யுனிகோட். யுனிகோட் பகுதியில கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால போய் நிக்குது, பாமினி ஒழுங்காத் தெரியுது. எல்லாத்தையும் பாமினிக்கு மாத்திறதோ?

படங்கள் போனில மத்தியானம் எடுத்தது, 4000 × 3000 பிக்சல். தலைப்பாக் கட்டின கமக்காரற்ற முகம் இருட்டு. சில படம் வட்ஸ்அப்பில வந்தது. ஒரு பக்கம் அடிச்சுப் பாத்தால் வயல் பச்சை மங்கல், வானம் ஊதா.


அச்சுமை (வவுனியா):

தங்கச்சி, பாமினிக்கு மாத்தாதீங்கோ. யுனிகோடில 'கெ' எண்டால் முதல் க, பிறகு கொம்பு எண்ட வரிசையிலதான் சேமிக்கப்படும். அதைத் திரையில முன்னுக்குக் கொண்டு வாறது மென்பொருளின்ர வேலை. இன்டிசைனின்ர வழமையான கொம்போசர் (எழுத்தை வரியில அடுக்கிற பகுதி) அதைச் செய்யாது. பாமினியில கொம்பை முதல் அடிச்சுப் பார்வை வரிசையிலேயே வைக்கிறதாலதான் அங்க பிழை தெரியிறேல்ல.

பராகிராப் ஸ்டைலைத் திறந்து, ஜஸ்ரிஃபிகேஷன் பகுதியில கொம்போசர் எண்ட இடத்தில 'அடோபி வேர்ல்ட்-ரெடி பராகிராப் கொம்போசர்' தெரிவு செய்யுங்கோ. உடல் எழுத்து, தலைப்பு, படக்குறிப்பு எண்டு எல்லா ஸ்டைலுக்கும் தனித்தனியாச் செய்யவேணும். ஒண்டை விட்டால் அந்தப் படக்குறிப்பில மட்டும் கொம்பு ஓடும், அச்சான பிறகுதான் கண்ணில படும். ஸ்கிரைபஸ் எண்ட மற்ற வடிவமைப்பு மென்பொருள் எண்டால் 1.6 பதிப்பில தமிழ் தானாவே சரியா வரும், காசும் இல்லை.

பாமினிக் கட்டுரைகளை எழுத்துரு மாற்றியில போட்டு யுனிகோட் ஆக்குங்கோ, ஆனால் அப்பிடியே நம்பிக் கொண்டுபோய் ஒட்டாதீங்கோ. மூண்டு இடத்தில பிழைக்கும். முதலாவது, பாமினியில 'ர்' அடிக்கிறது காலும் புள்ளியும் சேர்த்து. கவனமில்லாத மாற்றி அதை அப்பிடியே காலும் புள்ளியுமா விட்டுடும். 'அவர்', 'நீர்' எல்லாம் கண்ணுக்குச் சரிபோலத் தெரியும், தேடினால் அகப்படாது. தேடி மாற்றுற வசதியில கால்+புள்ளி வாற இடமெல்லாம் 'ர்' ஆக்குங்கோ. ரெண்டாவது, இடையில வாற ஆங்கிலச் சொல்லுகள் தமிழ்க் குப்பையா மாறும். மூண்டாவது நிறுத்தக்குறி: பாமினியில காற்புள்ளிச் சாவி 'இ', அரைப்புள்ளிச் சாவி மெய்யின்ர புள்ளி. ஏற்கெனவே யுனிகோடில இருந்த வசனம் ஒண்டு அதுக்குள்ள கலந்து போனால் காற்புள்ளி எல்லாம் இகரமாகும். மாற்றினதை அசலோட வைச்சு ஒருக்கா வாசிச்சே ஆகவேணும், ஊர்ப்பெயர்களை முக்கியமா.

வேர்டில இருந்து ஒட்டுற எழுத்து ஆர்ஜிபி (திரைக்குரிய நிறமுறை) கறுப்போட வரும். அது அச்சில நாலு மையும் (சயன், மஜென்ரா, மஞ்சள், கறுப்பு) சேர்ந்த கறுப்பாகி, தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிறம் கசியும். உடல் எழுத்தின்ர நிறம் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம்.

எழுத்து 10 பொயின்ற், வரி இடைவெளி 15. ஆங்கிலப் பாடங்களில சொல்லுற 12 தமிழுக்குக் காணாது: மேல் வரியின்ர 'கூ' கீழ் வரியின்ர 'கீ'யில முட்டும். 15 மி.மீ. விளிம்பு விட்டு மூண்டு பத்தி (நெடுக்கு நிரல்) போட்டால் ஒவ்வொண்டும் ஏறக்குறைய 57 மி.மீ. 'நீர்ப்பாசனத் திணைக்களத்தினரிடமிருந்து' எண்டு ஒரு சொல் வந்தால் வரியே முடிஞ்சுது, வரியை ரெண்டு பக்க விளிம்புக்கும் ஒட்டினால் நடுவில ஓட்டை விழும். ரெண்டு பத்தி போடுங்கோ. மூண்டுதான் வேணுமெண்டால் இடப்பக்கம் மட்டும் ஒட்டுங்கோ.


பாலைமரம் (முல்லைத்தீவு):

படத்துக்கு வாறன். புளீட் (வெட்டுற ஓரத்துக்கு வெளியால விடுற மிச்சம்) 3 மி.மீ. சேர்த்தால் முழுப்பக்கம் 216 × 303 மி.மீ., 300 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 2551 × 3579 பிக்சல் வேணும். உங்கட படத்தை நிமிர்ந்த அட்டைக்கு வெட்டினால் உயரம் 3000 பிக்சல்தான், 251 பிபிஐ வரும். அது போதும், பெருப்பிக்கத் தேவையில்லை. வட்ஸ்அப்பில சாதாரணமா அனுப்பினது நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதைப் பக்கம் முழுக்கப் போட்டால் 134 பிபிஐ. கால்பக்கத்துக்கு மேல போடாதீங்கோ. எடுத்தவரிட்டக் கேட்டு, திரும்பவும் 'டொக்கியுமென்ற்' ஆ அனுப்பச் சொல்லுறதுதான் வழி.

முகம்: போட்டோஷொப்பின்ர கமெரா றோ பில்ரரில ஷடோஸ் +30 இல இருந்து +40, ஹைலைற்ஸ் −40. அதுக்கு மேல தள்ளினால் இருட்டுக்குள்ள புள்ளி புள்ளியா வரும், வானத்துக்கும் தலைக்கும் நடுவில வெள்ளைக் கோடும் விழும். மிச்சத்தைக் கையால செய்யுங்கோ. புது லேயரில 50 சதவீதச் சாம்பல் நிரப்பி, லேயர் கலக்கிற முறையைச் 'சொஃப்ற் லைற்' ஆக்கி, வெள்ளைத் தூரிகையை 5–10 சதவீதத்தில வைச்சுக் கண்குழியிலயும் தலைப்பாவின்ர நிழலிலயும் மெல்ல ஓட்டவேணும். இது தோலை வெள்ளையாக்கிற வேலையில்லை. வெயிலில நிண்ட மனுசன் வெயிலில நிண்ட நிறத்திலதான் இருக்கவேணும். கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் வேற வேறயா வந்தால் கூடப் போயிட்டீங்கள்.

பச்சை மங்கினது அச்சகத்தின்ர பிழையில்லை. திரையில ஒளிருற பச்சையை நாலு மையால கொண்டுவர ஏலாது. போட்டோஷொப்பில கொன்றோல்+வை அமத்தி, அச்சில வாற நிறத்தைப் பாத்துக்கொண்டே திருத்துங்கோ. செறிவைக் கூட்டினால் கதிரும் இலையும் ஒரே பச்சைக் களியாகும். கேர்வ்ஸில வெளிச்ச வேறுபாட்டைக் கொஞ்சம் கூட்டினால் வயல் எழும்பும். வானம் ஊதாவாகிறது சயனுக்குக் கிட்டக் கிட்ட மஜென்ராவும் இருக்கிறதால. மஜென்ரா 30 புள்ளியாவது குறைவா இருக்கவேணும்: சயன் 70 எண்டால் மஜென்ரா 40க்குக் கீழ.

கூராக்கிறது கடைசி வேலை, அச்சளவுக்குச் சுருக்கின பிறகு. அன்ஷார்ப் மாஸ்க் 100 சதவீதம், ரேடியஸ் 1, திரெஷ்ஹோல்ட் 3. வேலைப்படத்தைப் பிஎஸ்டியா (போட்டோஷொப்பின்ர சொந்தக் கோப்பு) வையுங்கோ. ஜேபெக்கைத் திறந்து திறந்து சேமிச்சால் ஒவ்வொரு முறையும் தேயும்.


நெல்மணி:

நன்றி அண்ணா. கொம்பு சரியா வந்திட்டுது. அட்டையில கமக்காரற்ற தலை பெயருக்கு முன்னால வரவேணும் எண்டு ஆசை. தலையை நடுவில வைச்சால் 'வாய்ககால்' எண்டு வாசிக்கினம். படத்தை இடம் வலமாத் திருப்பிப் பாக்கட்டோ?


அச்சுமை:

திருப்ப வேண்டாம். சேட்டின்ர பொத்தான் பக்கம் மாறும், குளக்கட்டு எதிர்ப்பக்கம் போகும், அந்த ஊர் ஆக்கள் உடன கண்டுபிடிப்பினம்.

தமிழில பொருள் இருக்கிறதே எழுத்தின்ர தலையில: புள்ளி மறைஞ்சால் மெய் உயிர்மெய்யாகும், விசிறி மறைஞ்சால் 'கி' வெறும் 'க'. 'வாய்க்கால்' இல அஞ்செழுத்து, நடுவில நிக்கிறது 'க்'. அதுதான் ஆகக் கூடாத இடம். மேல ஒண்டும் இல்லாதது 'வா'வும் 'கா'வும். உங்கட படம் 4000 பிக்சல் அகலம், அட்டைக்குப் பிடிக்கிறது 2139. வெட்டுற சட்டத்தை வலப்பக்கம் நகர்த்தினால் ஆள் இடப்பக்கம் போவார், தலை 'வா'வுக்கு முன்னால வரும்.

மூண்டு அடுக்கு: கீழ முழுப்படம், நடுவில பெயர், மேல தலையும் தோளும் மட்டும் வெட்டின பிஎஸ்டி. தலைப்பாவின்ர நூல் ஓரத்தை 'செலெக்ற் அன்ட் மாஸ்க்' இல றிஃபைன் தூரிகையால எடுங்கோ. பெயரை இன்டிசைனிலேயே வையுங்கோ. போட்டோஷொப்பில அடிச்சுப் படமாக்கினால் ஓரம் மழுங்கும்.


பாலைமரம்:

படக்கட்டுரையை 4–5 ஆம் பக்கத்தில போடுங்கோ. 8 பக்கச் சஞ்சிகை ரெண்டு ஏ3 தாள்: வெளித்தாளில 8–1, 2–7, உள்தாளில 6–3, 4–5. திறந்தால் ஒரே தாளில பக்கத்துப் பக்கமா நிக்கிற உள்பக்கம் 4–5 மட்டும்தான். 2–3 இல பெரிய படம் போட்டால் பாதி ஒரு தாள், பாதி மற்றத் தாள். வாய்க்கால் கரை நடுவில படிபோல முறியும். 4–5 எண்டாலும் மடிப்பில முகம் வரக்கூடாது.

படக்கட்டுரையில மின்கம்பியையோ பிளாஸ்ரிக் போத்தலையோ அழிக்காதீங்கோ. அது நடந்ததைக் காட்டுற படம். வெளிச்சமும் நிறமும் திருத்தலாம், பொருளை எடுக்கவோ வைக்கவோ ஏலாது. அட்டையில பெயருக்கு முன்னால தலை வந்தது வடிவமைப்பு, அதை ஒப்படை அறிக்கையில எழுதுங்கோ. தொடாத அசல் படங்களைத் தனிக் கோப்புறையில வைச்சு, லேயர் தெரியிற திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) ஒண்டையும் சேருங்கோ.


அச்சுமை:

அச்சகத்துக்குப் பீடிஎஃப் கொடுக்கேக்க தனித்தனிப் பக்கமா, புளீட் 3 மி.மீ., வெட்டுக்குறியோட. தாளில அடுக்கிறது அவையின்ர வேலை. அதுக்கு முதல் 4–5 ஐ மட்டும் 100 சதவீத அளவில ஒருக்கா அடிச்சு, கையில பிடிச்சு வெளிச்சத்தில வாசிச்சுப் பாருங்கோ.