கல்யாண வீடியோவும் போட்டோக்களும் ஒரே டிவிடியில்: உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அவர்களுடைய 1991 கல்யாண கேசட்டை எம்பி4 ஆக மாற்றி வைத்திருக்கிறேன், இரண்டு மணி நேரம் ஓடும். அதோடு டிஜிட்டல் கேமராவில் எடுத்த 340 குடும்பப் போட்டோக்களையும் சேர்த்து ஒரே டிவிடியாக ஆச்சிக்குக் கொடுக்க ஆசை. ஊரில் அவரிடம் இருப்பது பழைய டிவிடி பிளேயரும் குண்டு டிவியும்தான். பென் டிரைவ் போட வழியில்லை.

முதலில் கோப்புகளை அப்படியே எழுதினேன், பிளேயர் படிக்கவில்லை. அப்புறம் டிவிடி தயாரிக்கும் மென்பொருளான டிவிடிஸ்டைலரில், நம்ம ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில், 720x576 புள்ளி அளவில் செய்தேன். வீடியோ நன்றாக ஓடுகிறது. ஆனால் போட்டோ வரும்போது பட்டுப்புடவைக் கரையெல்லாம் மினுமினுவென்று துடிக்கிறது. ஓரத்தில் நிற்பவர்கள் பாதி வெட்டுப்படுகிறார்கள். தாத்தா இருக்கும் ஒரே குரூப் போட்டோவில் அவரே ஓரத்தில்தான் நிற்கிறார், அதுதான் மனசு கேட்கவில்லை.

போட்டோவைச் சுற்றி எவ்வளவு கறுப்பு ஓரம் விடலாம்? லேசாக மங்கலாக்கினால் துடிப்பு குறையுமா? ஒரு போட்டோவுக்கு 5 விநாடி வைத்தால் மொத்தம் இரண்டரை மணி நேரம் வருகிறது. 4.7 ஜிபி டிவிடியில் அடக்கினால் தரம் ரொம்பக் குறையுமா, இரண்டாகப் பிரிப்பதே நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.